இரண்டு ஷோரூம், ஒரே 580: மின்சார ஸ்போர்ட்ஸ் கார் நிஜத்தில் எவ்வளவு கொடுக்கும்?

ஈரோட்டில் பல் மருத்துவராக இருக்கும் என் அத்தை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். "மச்சான், ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாம்னு இருக்கேன். எலெக்ட்ரிக். எது எவ்வளவு குடுக்கும்னு பாத்துச் சொல்லு."

நான்கு வருடமாக ஒரு சாதாரண மின்சார கார் ஓட்டுகிறேன். ஒவ்வொரு சார்ஜையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அதனால் குடும்பத்தில் இந்த விஷயத்துக்கு நான்தான் அத்தாரிட்டி. அவன் கையில் மூன்று பெயர்கள் இருந்தன. கதவு மேலே தூக்கித் திறக்கும் இரண்டு சீட் எம்ஜி சைபர்ஸ்டர். செடான் உடம்பில் ஸ்போர்ட்ஸ் கார் மனசு வைத்த பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ். அப்புறம், கனவுப் பட்டியலில் எப்போதும் இருக்கும் போர்ஷே டைகான் 4எஸ். விலையைப் பார்த்தால் மூன்றையும் ஒரே பட்டியலில் வைப்பதே அநியாயம்: சீல் அறிமுகமானபோது ஷோரூம் விலை 53 லட்சம், சைபர்ஸ்டர் 75 லட்சம், டைகான் இரண்டு கோடியை ஒட்டி. ஆனால் பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போகும் நேரத்தைப் பாருங்கள். சீலுக்கு 3.8 நொடி, டைகான் 4எஸ்ஸுக்கு 3.7, சைபர்ஸ்டருக்கு 3.2. விலை வரிசைக்கும் வேக வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் அவனுக்குக் குழப்பம்.

அவனுடைய ஓட்டம் இப்படி: தினமும் வீட்டிலிருந்து கிளினிக் ஆறு கிலோமீட்டர். மகள் சென்னையில் படிக்கிறாள், மாதம் ஒருமுறை சேலம் வழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வருடத்துக்கு நாலைந்து முறை ஊட்டி, ஏற்காடு. இதை வைத்துத்தான் கணக்கு.

ஒரே எண், இரண்டு வண்டி

முதலில் அவனைக் குழப்பியது 580. சைபர்ஸ்டர் கையேட்டில் ஒரு சார்ஜுக்கு 580 கி.மீ. சீல் பெர்ஃபார்மன்ஸ் கையேட்டிலும் 580 கி.மீ. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான்.

இல்லை. இதே இரண்டு வண்டிகளும் ஐரோப்பாவில் விற்கப்படும்போது சைபர்ஸ்டர் (இரண்டு மோட்டார்) 443 கி.மீ., சீல் 520 கி.மீ. அதாவது இங்கே சமமாக இருப்பவை அங்கே 77 கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. வண்டி மாறவில்லை, பரீட்சை மாறியிருக்கிறது. சைபர்ஸ்டரின் 580 நம் இந்திய எம்ஐடிசி சோதனையில் வந்தது. அதில் வண்டி தொடும் உச்ச வேகமே 90 கி.மீ.தான். சீலின் 580 ஐரோப்பா என்றோ கைவிட்ட பழைய என்இடிசி சோதனையில் வந்தது. இருபது நிமிடம், பதினோரு கிலோமீட்டர், சராசரி வேகம் 34 கி.மீ.யைக்கூடத் தொடாது. இப்போது அங்கே நடப்பில் உள்ள டபிள்யூஎல்டிபி கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார்: அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், உச்சம் 131, சராசரி 46.5. இது எதிலும் மே மாத உளுந்தூர்பேட்டை வெயிலும் கிடையாது, ஏசியும் கிடையாது.

ஆக, இரண்டு கையேடுகளை ஒப்பிடும்போது எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் எந்தச் சோதனை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பொடி எழுத்தில் கீழே இருக்கும். டைகானுக்கு போர்ஷே சொல்லும் 642 கி.மீ. டபிள்யூஎல்டிபி கணக்கு, அதுவும் பெரிய பேட்டரி போட்டால், குறைவாகச் சாப்பிடும் சக்கரங்கள் மாட்டினால் கிடைக்கும் உச்ச எண்.

கிலோமீட்டரை விட்டுவிடுவோம். பேட்டரியில் எத்தனை யூனிட் இருக்கிறது, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் தின்கிறது, இந்த இரண்டு போதும். கிலோவாட் மணி என்று கையேட்டில் போட்டிருப்பதும் இபி பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றேதான். உண்மையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது சீலில் 82.5, சைபர்ஸ்டரில் 74.4 (பெயருக்கு 77), டைகானின் பெரிய பேட்டரியில் 97 (பெயருக்கு 105). டைகானில் சின்ன பேட்டரியும் உண்டு, அதில் 82.3. இந்தக் கடைசி எண்ணை அவனிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சின்ன பேட்டரி டைகானும், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத சீலும், டேங்க் அளவில் இரட்டைப் பிள்ளைகள்.

தாழ்ந்திருந்தால் போதுமா?

இனி சாப்பாட்டுக் கணக்கு. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தரையோடு தரையாக இருக்கும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அதனால் குறைவாகத் தின்னும் என்றுதான் நானும் நினைத்தேன். சைபர்ஸ்டர் உயரம் 1.33 மீட்டர், எடை 1,985 கிலோ. சீல் 1.46 மீட்டர், 2,185 கிலோ. இருநூறு கிலோ குறைவு, அரை அடிக்குக் கொஞ்சம் குறைய உயரமும் குறைவு. ஜெயிக்க வேண்டியது சைபர்ஸ்டர்தானே?

காற்று அப்படிப் பார்ப்பதில்லை. வண்டி முன்னால் எப்படிக் கிழிக்கிறது என்பதைவிடப் பின்னால் எப்படி விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். சீலின் கூரை முன்கண்ணாடியிலிருந்து டிக்கி வரை மீன் முதுகு மாதிரி ஒரே வளைவாக இறங்குகிறது, அதன் காற்றெதிர்ப்புக் குணகம் 0.219 (இந்த எண் சிறிதானால் காற்று தடுப்பதும் குறைவு). திறந்த கூரைக்காகக் கட்டப்பட்ட இரண்டு சீட் வண்டிக்கு அந்த நீளமான இறக்கம் வாய்ப்பதில்லை. துணிக்கூரை சட்டென்று முடிகிறது, பின்னால் 275 மி.மீ. அகல டயர். சைபர்ஸ்டரின் குணகம் 0.269. அதுவும் கூரை மூடியிருக்கும்போது. திறந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து சுழலும், தலைமுடி மட்டுமல்ல, கணக்கும் கலையும்.

முதல் டெஸ்லா ரோட்ஸ்டர் கதையும் இதுதான். 2008-ல் வந்தது, லோட்டஸ் எலீஸை அடிப்படையாகக் கொண்ட பொடியன், 53 யூனிட் பேட்டரி, அமெரிக்க அரசுச் சோதனையில் 393 கி.மீ. மறு வருடமே ஆஸ்திரேலியப் பாலைவனச் சாலையில் ஒருவர் அதை நிதானமாக ஓட்டி ஒரே சார்ஜில் 501 கி.மீ. போய்க் காட்டினார். வண்டி அதேதான், பொறுமை வேறு.

சரி, எவ்வளவு தின்னும்? எடை, குணகம், முகப்பின் பரப்பு, டயரின் உருளல் எதிர்ப்பு, நம் ஊர் வெயிலில் லேசாகும் காற்றின் அடர்த்தி, மோட்டாரிலும் மின்சுற்றிலும் வீணாவது, ஏசிக்கு ஒன்றரை கிலோவாட் சொச்சம், எல்லாம் போட்டு நானே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். சமதரை, சீரான வேகம். 80-ல் போனால் சீல், சைபர்ஸ்டர் இரண்டுமே நூறு கிலோமீட்டருக்கு 13 யூனிட். 100-ல் சீல் 15.3, சைபர்ஸ்டர் 15.7, டைகான் 15.9. 120-ல் சீல் 18, டைகான் 18.8, சைபர்ஸ்டர் 19.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே வேகத்தில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் அதிகபட்சம் ஒரு யூனிட். ஒரே வண்டியில் 80-க்கும் 120-க்கும் வித்தியாசம் ஐந்து, ஆறு யூனிட். டயர் கேட்பது வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்று கேட்பது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. ஆகவே மாப்பிள்ளை "எந்த வண்டி குறைவாகத் தின்னும்" என்று கேட்டது, எந்தச் செருப்பு போட்டால் வேகமாக ஓடலாம் என்று கேட்ட மாதிரி. கொஞ்சம் வித்தியாசம் உண்டுதான், ஆனால் விஷயம் காலில் இருக்கிறது.

சுங்கச்சாவடி, ஓவர்டேக், திடீரென்று குறுக்கே வரும் டிராக்டர் இவற்றுக்கெல்லாம் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 100-ஐ ஒட்டி ஓட்டினால் சீலுக்கு 17, மற்ற இரண்டுக்கும் 17.5. 120-ஐ ஒட்டி ஓட்டினால் சீலுக்கு 20, மற்ற இரண்டுக்கும் 21.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போச்சா?

"நான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறதே மிதிக்கத்தான். மிதிச்சா பேட்டரி காலியாயிடாதா?"

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையே இல்லாததும் இதுதான். 2,200 கிலோ வண்டியை நின்ற இடத்திலிருந்து நூறுக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் ஆற்றல் 0.24 யூனிட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 0.3 என்று வையுங்கள். அதாவது முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும் அந்த நாலு நொடிக்குச் செலவு, சாதாரணமாக ஓட்டினால் ஆகும் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கும் குறைவு. அதிலும் பாதிக்கு மேல், பதற்றப்படாமல் பிரேக் பிடித்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறித் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்ரோல் வண்டியில் போனது போனதுதான், புகையாகவும் சூடாகவும். இங்கே கொடுத்து வாங்கல்.

கொல்லுவது வேகத்துக்குப் போவதல்ல, அந்த வேகத்திலேயே நிற்பது. விழுப்புரம் தாண்டி நேர் ரோட்டில் 140-ல் இருபது நிமிடம் போனால் காற்றுக்குக் கொடுத்த பைசா திரும்பி வரவே வராது. ரேஸ் டிராக்கில் கதையே வேறு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கொண்டுபோய் விட்டால் சாலையில் ஆவதைப்போல மூன்று நாலு மடங்கு யூனிட் போகும், டயரும் பிரேக்கும் பேட்டரிச் சூடும் தனி. மாப்பிள்ளைக்கு அந்த ஆசை இருந்தது. வருடத்தில் இரண்டு நாளுக்காக வண்டியைத் தேர்ந்தெடுக்காதே என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, ஊருக்குள் ஓடும்போது. ஏசிக்கு ஒன்றரை கிலோவாட் என்றால் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் சராசரி 20-ல் ஊர்ந்தால் அதே ஏசி நூறு கிலோமீட்டர் கணக்கில் ஏழரை யூனிட். வெயிலில் நின்ற கண்ணாடி வண்டி ஆறு கிலோமீட்டர் போவதற்குள் உள்ளே குளிர்வதே பாதி வேலை. கிளினிக் போய்வந்து டிஸ்ப்ளேவில் 24 என்று காட்டினால் வண்டி கெட்டுவிட்டது என்று போன் பண்ணாதே என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஓட்டத்துக்கு மூன்று வண்டியில் எது எடுத்தாலும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம்: சீலில் இருப்பது இரும்பு பாஸ்பேட் பேட்டரி, தினமும் நூறு வரை ஏற்றினாலும் முகம் சுளிக்காது. மற்ற இரண்டிலும் இருப்பது நிக்கல் வகை, அன்றாடத்துக்கு 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டு, வெளியூர் போகும் முந்தைய இரவு மட்டும் நிரப்புவது நல்லது.

ஈரோடு – சென்னை, 400 கி.மீ.

முழுசாக நிரப்பிக் கிளம்பி, பத்து சதவீதம் மிச்சம் வைத்துப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குக் கீழே போக எனக்கு மனசு வராது. சீலுக்குக் கையில் 74 யூனிட், சைபர்ஸ்டருக்கு 67, பெரிய டைகானுக்கு 87.

100-ஐ ஒட்டி ஓட்டினால் சீல் 435 கி.மீ. போகும், சென்னை வந்துவிடும். டைகான் 497, இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்து வரலாம். சைபர்ஸ்டர் 383: செங்கல்பட்டைத் தாண்டியதும் வியர்க்க ஆரம்பிக்கும், ஒரு டீ நேரம் சார்ஜ் போட வேண்டும்.

120-ஐ ஒட்டி ஓட்டினால் சீல் 370, சைபர்ஸ்டர் 319, டைகான் 414. டைகான் மட்டுமே நிற்காமல் போகும், அதுவும் மயிரிழையில். சீலுக்கு ஆறு யூனிட் குறைகிறது, சைபர்ஸ்டருக்குப் பதினேழு.

இங்கேதான் நோட்டு எழுதும் ஆள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் சாலையோரத்தில் அதிகம் கண்ணில் படுவது 60 கிலோவாட் சார்ஜிங் கன். 120 என்று போர்டு போட்டிருக்கும் இடத்திலும் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து மாட்டினால் இரண்டுக்கும் அறுபது அறுபதாகப் பிரிந்துவிடும். போன தீபாவளிக்கு சேலம் பைபாஸில் ஒரு ஹோட்டல் வாசலில் நான் 110-ல் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு டாக்ஸி வந்து மாட்டியது. திரையில் 110 என்பது 58 ஆனதைத் தோசையை வாயில் வைத்தபடி பார்த்தேன். ஒன்றும் செய்வதற்கில்லை, இரண்டாவது தோசை சொன்னேன்.

60 கன்னில் ஒரு நிமிடத்துக்கு ஒரு யூனிட். ஆகவே வழியில் வாங்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஒரு நிமிடம். சீலை 100-க்குப் பதில் 120-ல் ஓட்டினால் 400 கிலோமீட்டரில் ஓட்டும் நேரம் நாற்பது நிமிடம் மிச்சமாகும். அதற்குக் குறைந்தது ஆறு நிமிடம் சார்ஜ், சாலையிலிருந்து இறங்கி, கன்னைக் கண்டுபிடித்து, ஆப்பைத் திறந்து, பணம் கட்டி, மறுபடி ஏற ஒரு பத்து நிமிடம். மிச்சம் இருபத்துநாலு. கன் வேலை செய்தால். முன்னால் ஒருவர் மாட்டியிருந்தால் மைனஸ்.

டைகானின் பெரிய பெருமையே 800 வோல்ட் அமைப்பு: 320 கிலோவாட் வரை இழுக்கும், பத்திலிருந்து எண்பதுக்கு 18 நிமிடம். மற்ற இரண்டும் நல்ல கன் கிடைத்தாலே நாற்பது நிமிடத்தை ஒட்டி ஆகும். ஆனால் 60 கன்னில் மாட்டினால் டைகானும் வரிசையில் நிற்கிற இன்னொரு கார்தான். இரண்டு கோடி ரூபாய் வண்டியும் என் வண்டியும் ஒரே நிதானத்தில் ஏறும். அந்த 18 நிமிடத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன், நீங்கள் போகும் வழியில் அதைக் கொடுக்கும் கன் எத்தனை இருக்கிறது என்று மேப்பில் எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளைக்காக நான் எண்ணியபோது ஒரு கை விரல்களிலேயே சில மிச்சமாகின.

டைகான் பற்றி ஒரு நல்ல வார்த்தை

அதற்காக டைகானை இறக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கையேட்டு எண்ணை நிஜத்தில் தாண்டிக் காட்டிய அபூர்வ வண்டி அது. 2019 செப்டம்பரில் வந்த முதல் டைகான் டர்போவுக்கு ஐரோப்பிய எண் 381 முதல் 450 கி.மீ. வரை. அமெரிக்க அரசுச் சோதனையில் அதே வண்டிக்கு வெறும் 323. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எட்மண்ட்ஸ் என்ற அமெரிக்க கார் இணையதளம் 4எஸ்ஸை எடுத்து நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டியது. அரசு எண் 203 மைல், வண்டி போனது 323 மைல், அதாவது 520 கிலோமீட்டர்.

காரணங்கள் பல. ஒன்று, காலை எடுத்தால் வண்டி உடனே இழுத்துப் பிடிக்காது, சைக்கிள் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்கை மிதிக்கும்போதுதான் மின்சாரம் திரும்பும். சேமித்துத் திருப்பி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும், சிந்தாமல் இருக்கச் சிறந்த வழி சேமிக்க வேண்டிய அவசியமே வராமல் உருட்டுவது. பின்னாளில் வந்த டைகான்களில், சீரான வேகத்தில் முன் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பின்னால் மட்டும் ஓடும் வித்தையும் உண்டு. அதனால் என் தாள் கணக்கு டைகானுக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாகவே இருக்கலாம். இரண்டு கோடி பிரச்சினையில்லை என்பவர் மேலே போட்டிருக்கும் எதையும் படிக்காமல் போய் பெரிய பேட்டரி டைகானை எடுக்கலாம். எடுத்தால் பெரிய பேட்டரியைத்தான் எடுக்க வேண்டும். சின்னதில் பணம் மிச்சம் பிடிப்பது, பட்டுப்புடவை எடுத்துவிட்டு முந்தியை வெட்டிக் கொடுங்கள் என்பது மாதிரி.

ஊட்டி

மலை ஏறுவது பற்றி அவனுக்குத்தான் அதிக பயம். இதை மட்டும் கணக்காகவே காட்டிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டரை ஒட்டி, ஊட்டி 2,240. ஏற்றம் 1,900 மீட்டர். ஆட்களோடு 2,300 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 12 யூனிட், வீணாவதோடு 13. குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் உருள இன்னொரு ஐந்து. மொத்தம் 18. நூறு கிலோமீட்டர் கணக்கில் டிஸ்ப்ளே 36 என்று காட்டும். பர்லியாறு தாண்டும்போது மீட்டரில் மிச்சக் கிலோமீட்டர் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துப் பலர் அங்கேயே வண்டியை ஓரங்கட்டி யாருக்காவது போன் போடுவார்கள்.

போட வேண்டாம். இறங்கும்போது அந்தப் பன்னிரண்டில் உருள்வதற்குப் போக ஆறு யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பும். ஊட்டியில் 40 சதவீதத்தோடு கிளம்பினால் மேட்டுப்பாளையத்தில் 47 காட்டும். செய்யக்கூடாத ஒரே காரியம், ஹோட்டலில் இலவசம் என்று இரவு முழுக்க மாட்டி நூறு ஏற்றிக்கொண்டு இறங்குவது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. மோட்டார் பிடிக்கிற பிடி குறைந்துபோய், கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் தகடுகள்தான் எல்லாச் சுமையையும் வாங்கும். 80-ல் கழற்றிவிடுங்கள். மலையில் மூன்று வண்டிக்கும் பெரிய பேதம் இல்லை. லேசான சைபர்ஸ்டர் ஒரு யூனிட் மிச்சம் பிடிக்கும், கூரையைத் திறந்துவிட்டுக் கோத்தகிரி வளைவுகளில் போவதற்கு அதைவிட நல்ல வண்டியும் இந்த மூன்றில் இல்லை.

என்னதான் எடுப்பது?

நான் அவனிடம் சொன்னது இது. உன் ஓட்டத்துக்கு மாதம் ஒருமுறை வரும் அந்த 400 கிலோமீட்டர்தான் தீர்ப்பு சொல்கிறது. சைபர்ஸ்டருக்கு அது 17 கிலோமீட்டர் எட்டவில்லை, சீலுக்கு 35 மிச்சம். சீல் பெர்ஃபார்மன்ஸ் எடு. 22 லட்சம் குறைவு, எட்டு யூனிட் அதிகம், கூடவே பின் சீட்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. அதே சீலில் ஒற்றை மோட்டார் பிரீமியம் என்று ஒன்று இருக்கிறது, பேட்டரி அதேதான், எடை 130 கிலோ குறைவு, அறிமுக விலை 45.55 லட்சம், ஐரோப்பிய எண் 520-க்குப் பதில் 570. உண்மையில் உனக்குத் தோதானது அதுதான் என்றேன்.

"நூறுக்கு எவ்வளவு நொடி?"

"5.9."

"அது என் இப்போதைய டீசல் வண்டி மாதிரி இருக்குமே மச்சான்." இருக்காது, ஆனால் வாதம் செய்யவில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒருவன் ஸ்போர்ட்ஸ் கார் கேட்கும்போது அவனுக்கு 5.9 நொடியின் நியாயத்தை விளக்குவது நல்ல உறவுக்கு அழகல்ல.

சைபர்ஸ்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டே முடிவு செய்வேன் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் போனான். கதவு தானாக மேலே எழும்பியதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல நான் எங்க உக்காருவேன்?" என்று கேட்டிருக்கிறார். சேல்ஸ் பையன் பக்கத்து சீட்டைக் காட்டினான். "அப்ப என் மருமக?"

மறு வாரம் சீல் டெஸ்ட் டிரைவ். பெருந்துறை வரை போய்த் திரும்பினான், நான்கு முறை நின்று மிதித்துப் பார்த்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். வாட்ஸ்அப்பில் டிஸ்ப்ளே படம் வந்தது: 34 கிலோமீட்டர், சராசரி 19.6. அடுத்த படத்தில் பின் சீட்டில் கண்ணாடியில் தலை சாய்த்து அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்.